கொம்பில்லாத செவலை

அத்தியாயம் ஆறு

"நாலு மணிக்குப் போலீஸ் வருது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள் அந்தப் பெண்.

மூர்த்தி நாற்காலியை விட்டு எழுந்தார். "எங்களுக்கா?"

"என் மெக்கானிக்குக்கு."

மூர்த்தி திரும்ப உட்கார்ந்தார். "அப்ப டீ சொல்லலாம்."

ஓசூர் பேக்கரி ஒன்றின் மாடியில் இருக்கிறது சாந்தம்மா துப்பறியும் நிலையம். சாந்தம்மா ஒரு தொழிற்சாலை வாசலில் இருபத்திரண்டு வருஷம் நின்று, ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களின் சாப்பாட்டு டப்பாக்களைச் சோதித்தவர். டப்பாவைத் திறக்க மாட்டார். காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கி, உள்ளே இருப்பது மிச்ச ரசமா, கம்பெனி போல்ட்டா என்று சொல்லிவிடுவார். ஒரே ஒரு முறைதான் தவறியது. அன்றைக்கு ரசத்துக்குள் போல்ட் இருந்தது.

மூர்த்தி அவருடைய உதவியாளர். ஓசூர் - கிருஷ்ணகிரி தனியார் பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கண்டக்டர். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, மூவரையும் நன்றி சொல்ல வைத்தவர் என்று அந்த வழித்தடத்தில் இன்றும் பேச்சு உண்டு.

வந்த பெண்ணின் பெயர் மேகலா. பர்கூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். வாரத்தில் ஐந்து நாள் கம்பெனி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வாள். மீதி இரண்டு நாள் தன் சிவப்புக் காரைப் பார்த்துக்கொள்வாள். மறுநாள் ஞாயிறு காலை, ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஓடுதளத்தில் கார் பந்தயம். இருநூறு மீட்டர் தூரம். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும்.

"என்ன திருட்டுப் போச்சு?" என்று கேட்டார் சாந்தம்மா.

"வேகம், மேடம்."

சாந்தம்மா நோட்டில் 'வேகம் - ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

"அங்க அடையாளம் ஏதாச்சும்?" என்றார் மூர்த்தி.

மேகலா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாந்தம்மா பக்கம் திரும்பினாள். "காருக்குப் பெரிய டர்போ ஒண்ணு மாத்தினேன். மாத்தின அன்னிக்குப் பறந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை ஓடுதளத்துக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். பச்சை வெளக்கு எரிஞ்சுது. மிதிச்சேன். கார் யோசிச்சுது."

"யோசிச்சுதா?"

"ஆமா மேடம். யோசிச்சு முடிச்சுட்டு அப்புறமா கிளம்புது. பக்கத்துல நின்னது பதினஞ்சு வருஷப் பழைய வண்டி. அந்த ஆள் தலைய வெளிய நீட்டி, 'ஏதாச்சும் ப்ராப்ளமா சிஸ்டர்?'னு கேட்டுட்டு என்னைத் தாண்டிப் போனான். கிண்டல்கூட இல்ல மேடம். உண்மையான அக்கறையோட கேட்டான்."

அது எவ்வளவு பெரிய அவமானம் என்பது சாந்தம்மாவுக்குப் புரிந்தது.

"சந்தேகம் யார் மேல?"

"மாதேஷ். என் மெக்கானிக். ஷெட் சாவி அவர்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஒரிஜினல் டர்போவைக் கழட்டி வித்துட்டு, டூப்ளிகேட்டைப் போட்டுட்டார். டர்போ மாட்டின மறுநாளே கனமா ஒரு சாக்கைத் தூக்கிட்டுப் போயிருக்கார். எதிர்ல டீக்கடை நாராயணம்மா பாத்திருக்காங்க. நேத்துக் கேட்டேன், அரிசின்னார். எனக்குக் கோவம் வந்துடுச்சு. திருடன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு நாலு மணிக்குப் புகார் வாங்க ஆள் அனுப்பறோம்னு ஸ்டேஷன்ல சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள ஆதாரம் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"கார் முன்னாடி வேகமாப் போச்சுங்கறதுக்கு ஆதாரம்?"

மேகலா கைப்பையிலிருந்து இரண்டு காகிதச் சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். முதல் சீட்டில் நேரம் 4.78 வினாடி. அதன்மேல் 'சின்ன டர்போ' என்று பேனாவால் எழுதியிருந்தாள். இரண்டாவதில் 4.31 வினாடி. 'பெரிய டர்போ'.

"கடைக்காரர் ரெண்டையும் குடுத்தார். போட்டுப் பாத்துட்டு வேண்டாததைத் திருப்பி அனுப்புங்கன்னார். ஒரே எடம், ஒரே மெஷின், நூத்தம்பது மீட்டர். பயிற்சிக்கு முந்தின வாரம் சனிக்கிழமை சின்னது, ஞாயித்துக்கிழமை பெருசு. பெருசுதான் ஜெயிச்சுது. மெஷின் பொய் சொல்லுமா?"

சாந்தம்மா சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய் மீதியையும் படித்தார்.

'மாட்டின் பெயர்: மேகலா கார். நிறம்: செவலை. கொம்பு: இல்லை. பல்: பார்க்கவில்லை.'

"இது எருது விடும் விழாவில குடுக்கற சீட்டு இல்ல?"

"ஆமா மேடம். குந்தாரப்பள்ளிகிட்ட திம்மராயன்னு ஒருத்தர் மெஷின் வச்சிருக்கார். வினாடியில நூத்துல ஒரு பங்கு வரைக்கும் காட்டும். இந்த ஜில்லாவுல அதைவிட நம்பிக்கையான மெஷின் கிடையாது."

"பல்லப் பாக்காம விட்டுட்டாரே" என்றார் மூர்த்தி. "வயசு தெரியாம எப்படி வாங்கறது?"

*

மேகலாவின் ஷெட் சிப்காட் பக்கம், ஒரு டயர் கடைக்கும் ஒரு லேத் பட்டறைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே சிவப்புக் கார் முன்வாயைத் திறந்துகொண்டு நின்றது. மாதேஷ் தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது. நாட்றாம்பாளையம் மலைப்பக்கத்து ஆள்.

"நாலு மணிக்கு முன்னாடி கெளம்பறதா உத்தேசமா?" என்று கேட்டார் சாந்தம்மா.

"இல்லீங்க. நாலு மணி வரைக்கும் இங்கியேதான் குந்தினு இருப்பேன். ஓடிட்டான்னு ஒரு பேரு வரக் கூடாது பாருங்க. பத்துப் பேர் முன்னாடி திருடன்னுட்டாங்க. இருவத்தி மூணு வருசம் ஸ்பேனர் புடிச்ச கை இது. இனிமே இந்த ரோட்டுல எவன் எங்கிட்ட வண்டிய விடுவான்?"

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டர்போன்னா என்னன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார் சாந்தம்மா.

மாதேஷ் காருக்குள் இருந்த நத்தை போன்ற ஒரு உலோக உருண்டையைக் காட்டினார். "இன்ஜின் விடற பொகை இங்க வந்து ஒரு சக்கரத்த சுத்தும். அது சுத்தனா அந்தப் பக்கம் கீற சக்கரமும் சுத்தி, வெளிக்காத்த இழுத்து இன்ஜினுக்குள்ள அமுக்கும். காத்து ஜாஸ்தி போனா பெட்ரோல் ஜாஸ்தி எரியும். அவ்ளோதாங்க."

"நெறைஞ்ச பஸ்ஸுல ஆள அமுக்கற மாதிரி" என்றார் மூர்த்தி.

"அதேதாங்க."

"இதுக்கா இத்தன பேச்சு? பத்தொன்பது வருஷம் நானே டர்போவா இருந்திருக்கேன்."

"பெருசுக்கும் சின்னதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் சாந்தம்மா.

"சின்னது லேசு. மிதிச்ச ஒடனே எந்திரிச்சுக்கும். ஆனா வேகம் ஏற ஏற அதுக்கு மூச்சு வாங்கும். பெருசு எந்திரிக்க நேரமாவும். எந்திரிச்சிட்டா அத நிறுத்த ஆளு கெடையாது."

"எங்க மச்சானும் அப்படித்தான். எந்திரிக்கறது பத்து மணிக்கு. எந்திரிச்சிட்டா சாப்பிடறத நிறுத்த ஆளு கெடையாது" என்றார் மூர்த்தி.

"இருநூறு மீட்டருக்குச் சின்னதே போதும்னு நான் தலப்பாடா சொன்னேன். மேகலாம்மா சீட்ட நீட்டனாங்க. அச்சடிச்ச சீட்ட எதுத்து நான் இன்னா பேசறது? பெருசையே வுட்டு வச்சு, அதுக்கு ஏத்த மாதிரி ட்யூனிங்கும் பண்ணிக் குடுத்தேன்."

"ட்யூனிங்னா?"

"பெட்ரோல் எவ்ளோ ஊத்தணும், பொறி எப்பத் தட்டணும்னு இன்ஜின் கம்ப்யூட்டர்ல எழுதி வக்கறது. சின்னதுக்கு ஒண்ணு, பெருசுக்கு ஒண்ணு. ரெண்டும் என் லேப்டாப்புலதான் கீது. மாத்திப் போட்டா இன்ஜின் பாழாயிடும்."

"சோதனை ஓட்டத்துக்கு நீங்க போகலையா?"

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டார். "அது எருது விடற எடங்க. எங்க ஊர்ல யானை வந்தா தகரத்தத் தட்டினு நேரா எதுக்கப் போவேன். எருதுன்னா மட்டும் எனக்கு ஆவாது."

"அன்னிக்கு எருது இல்லையே? கார்தானே?"

"எடம் அதுதானுங்களே."

சாந்தம்மா மெதுவாகக் கேட்டார். "அந்தச் சாக்குல என்ன இருந்துது?"

"அரிசி" என்றார் மாதேஷ், கூரையைப் பார்த்து.

வெளியே வந்ததும் மூர்த்தி சொன்னார். "மேடம், அரிசின்னு சொல்றப்ப கூரையப் பாத்தாரு. நானும் பாத்தேன். கூரையில அரிசி இல்ல."

"பொய்தான் சொல்றார். ஆனா அது திருடன் சொல்ற பொய் இல்ல. திருடன் நம்ம கண்ணையே பாத்துத்தான் பொய் சொல்லுவான். ஒரு லட்சம் டப்பா பாத்துட்டேன் மூர்த்தி." சாந்தம்மா குடையை விரித்தார். "இந்தக் கார் மெதுவாப் போனதை ஓடுதளத்துல நூறு பேர் பாத்திருக்காங்க. வேகமாப் போனதை யார் பாத்தது?"

"இந்தச் சீட்டு."

"அப்ப சீட்டை விசாரிப்போம்."

*

பஸ்ஸில் ஏறி, குந்தாரப்பள்ளியில் இறங்கும்போது மணி ஒன்றேகால். சூளகிரியில் கூட்டம் ஏறியபோது மூர்த்தியால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து நின்று, 'உள்ள போ, உள்ள போ, உள்ள காத்து வருது' என்று கூவி, பதினேழு பேரைப் பின்பக்கம் நகர்த்திவிட்டார். அந்த பஸ்ஸின் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

எருது விடும் திடல் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. அதன் ஓரமாகவே ஒரு நேரான தார்ச் சாலை, ஆள் நடமாட்டமில்லாமல், மாந்தோப்பு வரைக்கும் போனது. திம்மராயன் வீட்டில் மெஷின் கட்டிலில் படுத்திருந்தது. திம்மராயன் தரையில் படுத்திருந்தார்.

"மெஷின்ல கோளாறு இருக்கான்னு பாக்க வந்தோம்" என்று மூர்த்தி தொடங்கியதுதான் தாமதம், திம்மராயன் எழுந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"இன்னாது? மூணு தாலுக்கா மாட்டுக்கு நேரம் புடிச்ச மெஷினுபா இது. இது சொன்ன நேரத்தால ரெண்டு ஊருக்குள்ள சம்பந்தமே நின்னு போச்சி. அப்பக்கூட மெஷின ஒருத்தன் கொற சொல்லல. மாப்பிளயத்தான் கொற சொன்னாங்க."

"கோவிச்சுக்காதீங்க" என்றார் சாந்தம்மா. "இந்தச் சீட்டு நீங்க குடுத்ததுதானே?"

திம்மராயன் வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "செவலை! நல்லாத் தெரியும். பர்கூர்க்காரங்க வூட்டுது. விழா அன்னிக்கு மட்டும் வந்திருந்தா மொதப் பரிசு அதுக்குத்தான். பக்கத்து ஊர்க்காரங்க ரெண்டு பேரு, எந்தச் சந்தையில புடிச்சதுன்னு கேட்டுட்டுப் போனாங்கம்மா."

"கொம்பு இல்லைன்னு எழுதியிருக்கீங்க."

"இல்லாதத இருக்குன்னா எழுத முடியும்? சீட்டுல பொய் எழுத மாட்டேன்."

"பல்?"

"முன்பக்கத்தத் தூக்கிப் பாத்தேன். உள்ளல்லாம் ஒரே எண்ணெய். வுட்டுட்டேன்."

மெஷின் எளிமையானது. சாலையோரம் ஒரு கம்பம். நூற்றைம்பது மீட்டர் தள்ளி இன்னொரு கம்பம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கண்ணாடிக் கண். முதல் கம்பத்தைத் தாண்டும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இரண்டாவதைத் தாண்டும்போது நின்றுவிடும். ஒரு பெட்டி சீட்டைத் துப்பும்.

"நம்பிக்கை இல்லன்னா இப்பவே ஓட்டிக் காட்டறேன்" என்றார் திம்மராயன். "ஆனா மாடுங்க தீனி தின்னுட்டுப் படுத்துனு கீது. எழுப்பக் கூடாது." அவர் பார்வை மூர்த்தியின் மேல் விழுந்தது. கால் முதல் தலை வரை போய்த் திரும்பியது. "நீ சும்மாத்தான இருக்கற?"

"நான் ஆராய்ச்சிப் பிரிவு" என்றார் மூர்த்தி.

"மூர்த்தி, ஓடுங்க" என்றார் சாந்தம்மா.

கம்பங்கள் நடப்பட்டன. திம்மராயன் மூர்த்தியின் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். முதல் கம்பம் வந்தது. நிற்கவில்லை. அதைத் தாண்டிப் பின்பக்கமாக இன்னும் போனார்கள். ஐம்பது தப்படி, நூறு தப்படி.

"எங்கய்யா கூட்டினு போற?" என்று மூர்த்தி கேட்பது காற்றில் வந்தது. "கிருஷ்ணகிரிக்கா?"

சாந்தம்மா முதல் கம்பத்தடியில் நின்று கூப்பிட்டார். "திம்மராயன்! கோடு இங்க இருக்குது! அங்க எதுக்குப் போறீங்க?"

திம்மராயன் திரும்பி, பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இன்னாம்மா நீ! கோட்டுல நிக்க வச்சா எந்த மாடு ஓடும்? மாடு வாடியில அடைபட்டுக் கெடக்கும். தொறந்து வுட்டா அங்கிருந்து பாஞ்சி வரும். கோட்டுக்கு வரும்போது நல்ல வேகத்துல வரணும். அப்பத்தான் கடியாரம் ஓடணும். காலங்காலமா அப்படித்தான்."

சாந்தம்மாவின் குடை தானாக மடங்கியது.

"காரையும் அப்படித்தான் விட்டீங்களா?"

"பின்ன? மாட்டுக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா? நான் சொல்லல, அந்தப் பொண்ணே ஓட்டிட்டு வாடிக்குப் போயிடுச்சி. முரட்டு மாடு, எடம் பத்தாதுன்னு இன்னும் பின்னால, அதோ, அந்த மாந்தோப்பு வரைக்கும் போச்சி. அவங்க வூட்டுல ஆறு காளை. அதுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"ரெண்டு நாளுமா?"

"ரெண்டு நாளும்."

"போதும் மூர்த்தி, வாங்க! கண்டுபிடிச்சாச்சு!" என்று சாந்தம்மா கத்தினார். ஆனால் அதற்குள் திம்மராயன் பழக்க தோஷத்தில் மூர்த்தியின் முதுகில் ஒன்று வைத்துவிட்டார். மூர்த்தி பாய்ந்துவிட்டார். பாய்ந்த பிறகு நிறுத்துவது மரியாதை இல்லை என்று கடைசி வரைக்கும் ஓடினார்.

பெட்டி சீட்டைத் துப்பியது. திம்மராயன் மீதியைப் பேனாவால் நிரப்பி, பயபக்தியோடு நீட்டினார்.

'மாட்டின் பெயர்: மூர்த்தி. கொம்பு: இல்லை. பல்: இரண்டு கட்டியது. திமில்: முன்பக்கம். நேரம்: 58.06.'

*

அவர்கள் ஷெட்டுக்குத் திரும்பியபோது மணி மூன்று நாற்பது. மேகலா எழுதி வைத்த புகாரோடு நாற்காலியில் இருந்தாள். மாதேஷ் மூடிய பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் வெவ்வேறு சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திருடன் கிடைச்சாச்சா மேடம்?"

"கிடைச்சாச்சு. நாளைக்குப் பந்தயத்துல உங்க கார் எங்கிருந்து கிளம்பும்?"

"கோட்டுல இருந்து. நின்ன எடத்துல இருந்து."

"திம்மராயன் மெஷின்ல பாத்தப்ப எங்கிருந்து கிளம்புச்சு?"

"வாடியில இருந்…" மேகலாவின் வாய் அந்த இடத்திலேயே நின்றது. திறந்தபடியே நின்றது.

சாந்தம்மா அவசரப்படவில்லை. "மாந்தோப்புல இருந்து மிதிச்சுட்டு வந்தீங்க. உங்க பெரிய டர்போ யோசிச்சுது. நல்லா யோசிச்சுது. ஆனா அது யோசிச்சு முடிச்சு எந்திரிச்சப்பறம்தான் கார் முதல் கம்பத்துக்கே வந்துது. கடிகாரம் அப்பத்தான் ஓட ஆரம்பிச்சுது. அது தூங்கின நேரம் சீட்டுல ஏறவே இல்ல. சின்னது பாவம், முன்னாடியே எந்திரிச்சு, கம்பத்துக்கு வரும்போது மூச்சு வாங்கிட்டிருந்துது. மெஷின் பொய் சொல்லல. மாதேஷும் டூப்ளிகேட் போடல. உங்க வேகத்தை யாரும் திருடல. அது இருநூறு மீட்டர் பந்தயத்துல இருந்ததே இல்ல."

"ஆனா மேடம், நான் இன்ஜினியர்…"

"அது காலேஜுக்கப்பறம்" என்றார் மூர்த்தி. அவர் ஒரு டயர்மேல் கால் நீட்டிப் படுத்திருந்தார். "அதுக்கு முன்னாடியே நீங்க பர்கூர்."

மேகலா அந்த இரண்டு சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து நூறு காளைகளுக்குக் கைதட்டியவள். ஒரு காளைகூடக் கோட்டில் நின்று கிளம்பிப் பார்த்ததில்லை. கோடு என்றால் அவளுக்கு அது தாண்டுகிற இடம். கிளம்புகிற இடமே இல்லை.

"அப்ப நாளைக்குச் சின்ன டர்போதான் வேணும்" என்றாள் மெல்ல. "அதைத்தான் திருப்பி அனுப்பச் சொல்லிட்டேனே. இனிமே எங்க போறது?"

மாதேஷ் கூரையைப் பார்த்தார். பிறகு, அன்றைக்கு முதல் முறையாக, நேராக மேகலாவைப் பார்த்தார்.

"அனுப்பலீங்க."

"என்ன?"

"கடைக்காரர்கிட்ட ரெண்டு வாரம் டைம் கேட்டுட்டேன். எனக்கு மனசு கேக்கல. என்னிக்காவது இதுதான் வேணும்னு வருவீங்கன்னு தெரியும். இங்க வச்சா நீங்க பாத்துருவீங்க. அதான் சாக்குல கட்டி, வூட்டுக்கு எடுத்துனு போயி, அரிசி டிரம்முக்குள்ள பொதச்சு வச்சேன். அரிசின்னு சொன்னதுல பாதி நெசம்தான். உங்க பேச்சக் கேக்காதது ஒண்ணுதான் நான் பண்ண திருட்டு."

மேகலா புகாரை இரண்டாகக் கிழித்தாள். "மாதேஷண்ணா, சாரி. உடனே போய் எடுத்துட்டு வாங்க. இப்ப ஆரம்பிச்சா முடிச்சிரலாம் இல்ல?"

"அஞ்சு மணி நேர வேலை. முடிச்சிரலாம்." மாதேஷ் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஆனா மாட்ட மாட்டேன்."

"ஏண்ணா?"

"திருடன்னு சொன்னப்ப பத்துப் பேரு இருந்தாங்க. சாரின்னு சொல்றப்ப மூணு பேருதான் கீறோம். அதுலயும் இவங்க ரெண்டு பேரும் கேஸ் ஆளுங்க. கணக்குல வராது."

"பத்துப் பேர்னு ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானேண்ணா?"

"பேச்சுக்கு இல்லீங்க. எண்ணி வச்சிருக்கேன். டீக்கடை நாராயணம்மா ஒண்ணு. டயர் கடையில ரெண்டு. லேத்துல மூணு. வாட்ச்மேன். தண்ணி கேன் போடறவரு. கொரியர்காரரு. அப்புறம் வழி கேக்க வந்த ஒருத்தரு. அவரு பாட்டுக்கு வழி கேக்க வந்தவரு, 'திருடனா?'ன்னு என்னத் திரும்பிப் பாத்துனே போனாரு. ராத்திரி பூரா அந்த மூஞ்சிதான் கண்ணுல நின்னுது."

சாந்தம்மா மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்தி ஏற்கெனவே எழுந்துவிட்டார். கால்வலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பத்தொன்பது வருஷம் ஆள் சேர்த்த மனிதர். ரோட்டுக்கு வந்து, தமிழில் நான்கு பேரையும், கன்னடத்தில் இரண்டு பேரையும், தெலுங்கில் ஒருவரையும் கூவி அழைத்தார். பொருளை விட்டுவிட்டு வர முடியாது என்ற தண்ணீர் கேன்காரரைக் கேனோடு தூக்கி வந்தார். மதிய டெலிவரி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த கொரியர்காரரின் வண்டிச் சாவியைப் பறித்துக்கொண்டு வந்தார். சாவிக்குப் பின்னால் கொரியர்காரரும் வந்தார்.

"நகருங்க, நகருங்க, உள்ள எடம் இருக்குது." ஷெட்டுக்குள் எல்லோரையும் அடுக்கிவிட்டு விரலால் எண்ணினார். "ஒம்போது. மாதேஷ், ஒம்போது பேரு. ஒண்ண விட்டுக் குடுங்க."

"வழி கேட்டவருதாங்க முக்கியம்" என்றார் மாதேஷ். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்ற ஒன்பது பேருக்கும் அவரைத் தெரியும். ஒன்றுமே தெரியாமல் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர் அந்த ஒருவர்தான்.

"அய்யோ ராமா, அந்தாள எங்கன்னு தேடறது?" என்றாள் நாராயணம்மா. "நான் அடுப்புல பாலு வச்சிட்டு வந்திருக்கறேன்."

மேகலா வாசலைப் பார்த்தாள். மணி நான்கு.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒரு கான்ஸ்டபிள் இறங்கி, கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். "ஏம்மா, இங்க மேகலாங்கறவங்க கார் ஷெட்டு எது? அரை மணி நேரமாச் சுத்தறேன். ஒருத்தனும் சரியா வழி சொல்ல மாட்டேங்கறான்."

ஷெட்டுக்குள் இருந்த ஒன்பது தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"பத்து" என்றார் மூர்த்தி.

மேகலா கவிழ்த்து வைத்திருந்த தண்ணீர் கேன்மேல் ஏறி நின்றாள். முகம் காரின் நிறத்துக்கு வந்திருந்தது. "நேத்து இதே எடத்துல மாதேஷண்ணனைத் திருடன்னு சொன்னேன். அவர் எதையும் திருடல. தப்பு என்னோடது. காரை எங்கிருந்து கிளப்பணும்னு தெரியாம, மாட்டைக் கிளப்பற எடத்துல இருந்து கிளப்பிட்டேன். அவர் சரியாச் சொன்னார். நான் கேக்கல. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

லேத் பட்டறைக்காரர்களில் ஒருவர் கைதட்டத் தொடங்கி, வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

மாதேஷ் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "உங்களுக்குக் கேட்டுச்சுங்களா சார்?"

"கேட்டுச்சு."

"நான் இன்னா இல்ல?"

கான்ஸ்டபிள் சுற்றும் முற்றும் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "திருடன் இல்ல" என்றார், கொஞ்சம் பயத்தோடு.

மாதேஷ் எழுந்தார். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை, தானே போனார். இருபது நிமிடத்தில் சாக்கோடு திரும்பினார். டர்போவின் மடிப்புகளில் இருந்து ஐந்தாறு அரிசிமணிகள் உதிர்ந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

கான்ஸ்டபிள் இன்னும் போகவில்லை. "ஏம்மா, அப்ப என்னை எதுக்குத்தான் கூப்பிட்டீங்க?"

"பத்தாவது ஆள் கொறைஞ்சுது சார்" என்றாள் மேகலா.

அவர் யோசித்தார். ஸ்டேஷனில் போய் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதுவரைக்கும் இங்கேயே இருக்கலாம் என்று முடிவு செய்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு காரின் அருகே வந்து, இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார்" என்றார் மாதேஷ், தலையை நிமிர்த்தாமல். "வெளிச்சத்த மறைக்கறீங்க. கொஞ்சம் அந்தாண்ட போங்க."

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தாண்டை போய் நின்றார்.